டெக்சாஸ் கரிசலில் அரசாணிக்காய்

டல்லாஸுக்கு நான் போனது பம்புகளுக்காக. கோவையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி அனுப்பிய மோட்டார்களில் சில ஓட்டிப் பார்த்ததும் சூடாகிவிடுவதாக அங்கிருந்த வாடிக்கையாளர் புகார் சொல்லியிருந்தார். "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருங்க" என்றார் முதலாளி. ஒரு நாள் வேலைதான். அதன்பின் வார இறுதியைத் தங்கை வீட்டில் கழித்துவிட்டு வரலாம் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

தங்கை சுகன்யா டல்லாஸை ஒட்டிய காப்பெல்லில் இருக்கிறாள். அவளும் கணவர் தினேஷும் சாஃப்ட்வேர் வேலை. இரட்டைக் குழந்தைகள்: மித்ரா, கவின். இரண்டுக்கும் மூன்று வயது நிரம்ப இன்னும் நான்கு மாதம் இருந்தது. தாய்மாமனாகிய நான் அவர்களைப் போனில் மட்டுமே பார்த்திருந்தேன்.

வியாழக்கிழமை விமான நிலையத்திலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போதே, ஃப்ரீவேயில் வண்டி ஏறியதும் சுகன்யா ஆரம்பித்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"கவின் இன்னும் பேச மாட்டேங்கறான். மித்ரா பேசறதத்தான் நீங்க போன்ல கேட்டிருப்பீங்க. இவன் ஒரு வார்த்தைகூட இல்ல. வீட்ல ரெண்டு லாங்வேஜ் பேசுனா கன்ஃப்யூஸ் ஆயிரும்னு சொல்றாங்க. அதனால ரெண்டு மாசமா வீட்ல இங்கிலீஷ் மட்டுந்தான். நீங்களும் அவன்கிட்ட இங்கிலீஷ்லயே பேசிருங்கண்ணா. திங்கக்கிழமை அவனுக்கு ஸ்பீச் இவாலுவேஷன் இருக்குது."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் அப்படிச் சொல்லல. எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் என்பது அவள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு என்று பிறகு தெரிந்தது. ஓட்டுகிற பெண்ணிடம் வாதம் செய்யக் கூடாது என்று சரி என்றேன். ஆனால் என் ஆங்கிலம் பம்பு ஆங்கிலம். வால்வு, வோல்டேஜ், வாரண்டி. இதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையோடு எவ்வளவு நேரம் பேச முடியும்?

வீட்டுக்குள் நுழைந்ததும் மித்ரா இடுப்பில் கைவைத்து விசாரித்தாள். "ஹூ ஆர் யூ?"

"ஐ ஆம் மாமா."

"மாமா, வாட் இஸ் இன் யுவர் பேக்?"

தேன்மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன். கவின் சோபாவுக்குப் பின்னால் நின்று கண்ணை மட்டும் காட்டினான். எங்கள் அப்பாவின் கண்கள், அதே வளைந்த புருவம். என்னை அறியாமல் மண்டியிட்டு, "டேய் தங்கம், வாடா மாமாகிட்ட" என்றேன்.

"அண்ணா!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேசாத ஆட்கள் இருவர்: அவனும் நானும்.

வெள்ளிக்கிழமை பம்பு வேலை மதியத்துக்குள் முடிந்தது. மோட்டாரில் பழுதில்லை, இணைப்புக் கொடுத்த விதத்தில்தான் தப்பு. மாற்றிக் கொடுத்ததும் மோட்டார் சூடே ஏறாமல் ஓடியது. அந்த மகிழ்ச்சியில் அவர்கள் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டில் ஒரு ஆள் உயரத்துக்கு இறைச்சி இருந்தது. காரம் என்ற பேச்சே இல்லை. ஊறுகாய் என்று வைத்திருந்ததும் இனித்தது.

சாயங்காலம் கவின் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த சக்கரத்தைச் சுற்றினேன். அவன் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டு நேரம்தான் கஷ்டம். சுகன்யா படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். "கவின், சே ஆப்பிள். ஆப்பிள். சே வாட்டர், கவின்." தண்ணீர் டம்ளரை அவன் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் டம்ளரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். மித்ரா அவனுக்காக "வாட்டர்! வாட்டர்! வாட்டர்!" என்று மூன்று தடவை சொல்லி டம்ளரை வாங்கி அவன் முன்னால் வைத்தாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை பம்ப்கின் பேட்ச். அக்டோபர் வந்தால் இங்கே குழந்தை உள்ள குடும்பங்கள் எல்லாம் எங்காவது ஒரு பூசணித் தோட்டத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டாக வேண்டும். பூசணி என்று பொதுவாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அது அரசாணிக்காய்.

குழந்தைகளுக்குக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை மாட்டிவிட்டாள் சுகன்யா. "ஃபால் சீசன், அதான்." வெளியே நம்மூர்ச் சித்திரை வெயில் அடித்தது. கார் ஏறுவதற்குள் இரண்டும் வேர்த்து நனைந்துவிட்டன. பின் சீட்டில் இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவில் எனக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு தொடைதான் உட்கார முடியும். மற்றத் தொடையை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே ஒரு மணி நேரம் பயணம் செய்தேன்.

தோட்டத்தில் இறங்கியதும் காலடியைப் பார்த்தேன். கரிசல்! கோவில்பட்டிப் பக்கம் போர்வெல் வேலைக்குப் போகும்போது பார்க்கும் அதே கருப்பு மண். முதல் நாள் இரவு பெய்த மழையில் ஊறி, செருப்பைப் பிடித்து இழுத்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆரஞ்சு நிறத்தில் காய்கள் கிடந்தன. சில காய்களைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் ஒரு கொடியைக் காணோம்.

"மாப்ள, கொடி எங்கீங்க?" என்றேன்.

தினேஷ் சிரித்தார். "இங்க எதுவும் விளையாதுங்க மச்சான். வேற ஊர்ல இருந்து லாரில கொண்டாந்து பரப்பி வெச்சிருப்பாங்க. நாம வந்து பறிச்ச மாதிரி எடுத்துட்டுப் போகோணும்."

விளையாத தோட்டத்துக்கு டிக்கெட் வேறு. ஆனால் குழந்தைகளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. மித்ரா ஒவ்வொரு காயாகக் கட்டிப்பிடித்து, "திஸ் ஒன் இஸ் மை பேபி" என்றாள். கவின் ஒரு சிறிய காயின் காம்பைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகித் திருகிப் பார்த்தான். அது திறக்கும் என்று நினைத்தான் போலும். சுகன்யா இருவரையும் காய்க் குவியலின் மேல் உட்காரவைத்துப் படம் எடுக்கப் பாடுபட்டாள். ஒன்று சிரித்தால் மற்றது அழுதது.

பிறகு டிராக்டர் சவாரி. டிராக்டருக்குப் பின்னால் ஒரு டிரெய்லர், அதில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஆட்களை உட்காரவைத்து வயலைச் சுற்றிக் காட்டுவார்கள். ஓட்டியவர் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். கால்வாசித் தூரம் போனதும் பின்சக்கரம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாக இறங்கியது. கரிசலைப் பற்றி எனக்குத் தெரியும். மிதிக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கு ஆங்கிலம் கிடைப்பதற்குள் அவரே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"மக்களே, இந்த மண்ணுக்கு நம்மைப் பிடித்துவிட்டது. இன்னொரு டிராக்டர் வரும். அதுவரை காட்சியை ரசியுங்கள்" என்று அறிவித்தார். காட்சி என்றால் ஒரு வேலி, அதற்கு அப்பால் இரண்டு மாடுகள். நம்மூராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை.

மித்ரா தினேஷின் மடியில் தூங்கிப்போனாள். கவின் என் மடியில் உட்கார்ந்து வைக்கோலை உருவிக்கொண்டிருந்தான். சுகன்யா மெதுவாகப் பேசினாள்.

"நான் மூணாவது மாசமே வேலைக்குப் போயிட்டேன்ணா. ரெண்டையும் டேகேர்ல விட்டுட்டு. அதனாலயா இருக்குமோன்னு தோணிட்டே இருக்குது."

"மித்ராவையும் அங்கதான விட்ட? அவ பேசறாளே."

"தெரியுது. ஆனா தோணுது. காது டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லாக் கேக்குது. நாம சொல்றது எல்லாம் அவனுக்குப் புரியுது. டேகேர்ல கேட்டா, 'ஹீ இஸ் எ கொயட் பாய்'னு சொல்றாங்க. அம்மானு சொல்ல வேண்டாம்ணா. எதாச்சும் ஒண்ணு சொன்னாப் போதும். திங்கக்கிழமை என்ன சொல்லப் போறாங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

தினேஷ் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நான் கவினின் தலையில் ஒட்டிய வைக்கோலை எடுத்துவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு டிராக்டர் வந்து எங்களை இழுத்தது. திரும்பி வந்தபோது குழந்தைகளுக்கு நல்ல பசி. மித்ராவைக் கை கழுவிவிடச் சுகன்யாவும் தினேஷும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கவினைத் தூக்கிக்கொண்டு, புகை வந்த திசையில் நடந்தேன்.

ஒரு மெக்சிகோக்காரப் பெண்மணி கரியடுப்பில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். நாம் எலுமிச்சம்பழத்தை மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்ப்போம் இல்லையா, அதையேதான் அவரும் செய்தார். ஆனால் அதற்கு முன்னால் வெண்ணெய் போன்ற ஒன்றைத் தடவி, பாலாடைக்கட்டித் தூளில் புரட்டினார். கவினுக்கு மிளகாய் இல்லாமல் முத்துகளை மட்டும் ஒரு கப்பில் உதிர்த்துக் கொடுத்தார். நான் என்னுடையதைக் கடித்தேன். அமெரிக்காவில் வந்திறங்கி மூன்றாம் நாள், முதல்முறையாக நாக்கு விழித்தது.

கவின் கப்பைக் காலி செய்துவிட்டு அதை அந்தப் பெண்மணியிடம் நீட்டினான்.

"மாஸ்" என்றான்.

தெளிவாக, சத்தமாக. என் காதுக்குப் பக்கத்தில்.

நம்மூர்ப் பையன்கள் சினிமாக் கதாநாயகனைப் பார்த்துச் சொல்வார்களே, அந்த மாஸ் என்றுதான் என் மூளைக்கு எட்டியது. இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனால் அந்தப் பெண்மணி சற்றும் ஆச்சரியப்படாமல் ஏதோ பதில் சொல்லிவிட்டு, கப்பை வாங்கி மறுபடி நிரப்பினார். அவன் அடுப்பில் பறந்த பொறியைக் கை காட்டி, "மீரா! மீரா!" என்றான். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

யாரடா மீரா? அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் செருப்பு ஒன்றை விட்டுவிட்டு ஓடினேன்.

"சுகி! கவின் பேசறான்!"

சுகன்யா கையைத் துடைத்தபடி நின்றாள். "என்ன பேசுனான்?"

"மாஸ்னு சொன்னான். அப்பறம் மீரா."

அவள் முகம் வாடிவிட்டது. "எந்த மீராவும் எங்களுக்குத் தெரியாதுண்ணா. சும்மா எதாச்சும் சத்தம் போட்டிருப்பான். நீங்க ஆசைல கேட்டிருப்பீங்க."

"இல்ல சுகி, வந்து பாரு."

எல்லோரும் அடுப்புக்குப் போனோம். கவின் எங்கள் நால்வரையும் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். கப்பில் சோளம் பாதி இருந்தது. சுகன்யா குனிந்து, "கவின், சே இட் எகைன்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நீ ஒண்ணும் கேக்காத. சும்மா நில்லு" என்றேன். அவளை அண்ணன் அதட்டிப் பல வருடம் ஆகியிருக்கும். நின்றாள்.

அந்தப் பெண்மணி அடுத்த ஆளுக்குச் சோளம் சுட்டபடி, அவன் பக்கம் பாராமலேயே ஸ்பானிஷில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். அவன் ஒவ்வொரு முத்தாகத் தின்று முடித்தான். கப்பைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"மாஸ்!"

தினேஷ்தான் முதலில் கத்தினார். "சுகி, அது ஸ்பானிஷ்! மாஸ்னா இன்னும் வேணும்னு அர்த்தம்! மீரான்னா அங்க பாருன்னு!"

பெண்மணி உடைந்த ஆங்கிலத்தில் சுகன்யாவிடம் சொன்னார்: "உங்கள் பையன் அழகாகப் பேசுகிறான். வீட்டில் நீங்கள் ஸ்பானிஷ் பேசுவீர்களா?"

சுகன்யா பக்கத்தில் இருந்த வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். மித்ரா அவள் முழங்காலைத் தட்டி, எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். "மம்மி, ஹீ டாக்ஸ் டு லூபே. லூபே கிவ்ஸ் பனானா."

"ஹூ இஸ் லூபே?"

"லன்ச் லேடி!"

டேகேரில் மதியச் சாப்பாடு பரிமாறும் பெண் அவர் என்று மித்ராவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இவளிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் இவளும் சொல்லவில்லை.

நான் ஒரு கால் செருப்போடு நின்றிருந்தேன். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சுகன்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சந்தோஷமாத்தான் இருக்குதுண்ணா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா என்கிட்டச் சொல்லலையே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திலிருந்து எடுத்து வந்த அரசாணிக்காயைச் சுகன்யா பொரியல் செய்தாள். இது அலங்காரத்துக்கு மட்டும், சமைக்க வேறு ஜாதி கிடைக்கும் என்று தினேஷ் எச்சரித்தார். அவர் சொன்னது சரிதான். எவ்வளவு தேங்காய் போட்டும் தண்ணீரைக் கடிப்பதுபோல் இருந்தது. ஆனாலும் நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். காரணம் வேறு. அன்று அட்டைகள் மேசைக்கு வரவில்லை. டம்ளர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. சுகன்யா கவினுக்கு ஊட்டிக்கொண்டே, "இது அரசாணிக்கா சாமி. நேத்து சேத்துல பொறுக்குனமே, அது. உங்க மாமா செருப்பத் தொலச்சாரே, அங்க" என்று பேசிக்கொண்டே போனாள். நானும் மெதுவாக, "டேய் தங்கம், மாமாவுக்கு ஒரு வாய் குடுடா" என்றேன். இந்தமுறை அதட்டல் வரவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லோரும் டேகேருக்குப் போனோம். லூபே ஐம்பதை நெருங்கும் குள்ளமான பெண்மணி. தலையில் வலை கட்டியிருந்தார். கவினைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளினார். சுகன்யா போனை மொழிபெயர்ப்பில் வைத்து நீட்டினாள். அவள் கேட்டதை இயந்திரம் ஸ்பானிஷில் சொன்னது. அதைக் கேட்ட லூபே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வீட்டில் பேசமாட்டானா? எனக்குத் தெரியாதே. தெரிந்திருந்தால் முதல் நாளே உங்களிடம் ஓடி வந்திருப்பேன்" என்றது போன்.

அவன் என்னென்ன சொல்வான் என்று கேட்டாள் சுகன்யா. லூபே விரல்விட்டு எண்ணினார். வேண்டும், வேண்டாம், தண்ணீர், ரொட்டி, பார், சூடு. பத்து விரலும் தீர்ந்து மறுபடி கட்டைவிரலுக்கு வந்தார். பதினொன்று. "நான் அவனிடம் எதுவும் கேட்பதில்லை, அம்மா. சாப்பாடு போடும்போது எனக்குப் பேசிக்கொண்டே இருக்கும் வழக்கம். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான்" என்றார்.

சுகன்யா போனைத் தாழ்த்தினாள். இயந்திரம் இல்லாமலே, தமிழிலேயே, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி அவரைக் கட்டிக்கொண்டாள். லூபே அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

இவாலுவேஷன் நடக்குமிடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டில் பேசும் மொழிகள் என்ற இடத்தில் சுகன்யாவின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. தமிழ் என்று முதலில் எழுதினாள். பிறகு ஆங்கிலம். ஸ்பானிஷ் என்று மூன்றாவதாக எழுதிப் பக்கத்தில், டேகேரில், என்று சேர்த்தாள். ஒரு மணி நேரம் அவனோடு விளையாடிப் பார்த்த தெரபிஸ்ட், வயதுக்குப் பேச்சு பின்தங்கித்தான் இருக்கிறது, வாரம் ஒருநாள் வர வேண்டும் என்றார். ஆனால் பதினோரு வார்த்தை எந்த மொழியில் இருந்தாலும் பதினோரு வார்த்தைதான், வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. சுகன்யாவும் எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் புதுச் செருப்போடு நான் விமானம் ஏறினேன்.

கோவை வந்து ஒரு மாதம் போலப் போயிற்று. ஒருநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் சுகன்யா வீடியோவில் வந்தாள். அங்கே இரவுச் சாப்பாடு. கவின் சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். நான் ஆசை ஆசையாக, இத்தனை நாள் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்துப் பேசினேன். என்னடா சாப்பிடறே, மாமாவை ஞாபகம் இருக்கா, மித்ரா அடிக்கிறாளா, பெட்டிச் சக்கரம் சுத்தலாமா.

அவன் வாயில் இருந்த சோற்றை நிதானமாக விழுங்கினான். என்னைப் பார்த்தான். ஈரக் கையைத் திரைக்கு முன்னால் ஆட்டினான்.

"போ" என்றான்.

சுகன்யாவின் போன் கீழே விழுந்தது. கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது. "தினேஷ்! தினேஷ்! அண்ணாவப் போங்கறான்! தமிழ்ல போங்கறான்!" என்று அவள் கத்துவது கேட்டது. பின்னாலிருந்து இன்னும் உறுதியாக அந்தக் குரல்: "போ, போ!"

"சரிங்க சாமி" என்று சொல்லி, போனை வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.